டீசலா, பெட்ரோலா? உங்கள் வண்டியின் ஒரு நாளைச் சொல்லுங்கள்

சரக்கு வண்டி வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் எனக்கு எழுதும்போது, "எந்த வண்டி நல்லது?" என்று மட்டும் கேட்காமல், அந்த வண்டி ஒரு நாள் முழுக்க என்ன வேலை பார்க்கப் போகிறது என்பதையும் எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். கட்டுக் கட்டாக எழுதிவிட்டீர்கள். பாதிக்கு மேல் ஒரே கேள்வி: டீசல் எடுப்பதா, பெட்ரோல் எடுப்பதா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டீசல்காரன். பட்டறைக்கு வந்து 31 ஆண்டுகள் ஆகின்றன. அதில் முதல் 10 ஆண்டுகள் டீசல் பம்ப்பும், டீசலைப் பீச்சும் நாசிலும் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. அந்த எஞ்சின்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அதை வேலையில்லாத இடத்தில் கொண்டுபோய்க் கட்டிவைத்துக் கெடுப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. கீழே வரும் பதில்களில் சிலவற்றை அந்த வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, மரச்சாமான் கடை ஒன்றுக்கு டெலிவரி எடுத்துச் செய்கிறேன். ஒரு நாளைக்கு 40, 45 கிலோமீட்டர் ஓட்டம், எல்லாம் ஊருக்குள்ளேயே. பதினைந்து இடத்திலாவது நிறுத்தி இறக்க வேண்டும். லோடு ஒரு டன்னைத் தாண்டாது. சரக்கு வண்டி என்றால் டீசல்தான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். புது வண்டி எடுக்கலாமா?

புது வண்டி எடுங்கள். ஆனால் பெட்ரோல் எடுங்கள்.

உங்களைப் போலவே ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தார். மருந்துப் பெட்டிகளைக் கடை கடையாகக் கொண்டுபோய்ப் போடும் வேலை. ஓட்டமும் ஏறக்குறைய உங்களுடையதுதான். நான் யோசிக்காமல் டீசல் என்றேன். சரக்கு வண்டிக்கு டீசல் என்று சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழகிப்போயிருந்தது. பதினைந்து மாதம் கழித்து வண்டியைக் கொண்டுவந்தார். டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, வண்டி ஏற்றத்தில் மூச்சு முட்டியது. "ஆயில் மட்டும் குறையவே இல்லைங்க, ஏறித்தான் இருக்கு" என்று நிம்மதியாகச் சொன்னார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்தேன். மேல் கோட்டுக்கும் மேலே ஒரு விரல்கடை அளவு ஆயில் நின்றது. இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் வழுவழுப்பு இல்லை, தண்ணீர்போல் ஓடியது. மூக்கருகே கொண்டுபோனால் டீசல் வாசம். ஆயில் தொட்டிக்குள் டீசல் இறங்கியிருந்தது.

ஏன் இப்படி ஆகிறது? இன்றைய டீசல் வண்டியின் சைலன்சர் குழாயில் கரியைப் பிடிக்க ஒரு வடிகட்டி இருக்கிறது. டி.பி.எஃப். என்பார்கள். புகையில் வரும் கரித்தூள் அதில் தங்கிவிடும். தங்கிய கரியை அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்கினால்தான் வடிகட்டி அடைக்காது. அதற்கு அங்கே ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். நெடுஞ்சாலையில் லோடோடு ஒரே வேகத்தில் போகும் வண்டிக்கு இது பெரிய விஷயம் இல்லை. போகிற போக்கில் எரிந்துவிடும். உங்கள் வண்டிக்கு? பத்து நிமிடம் ஓட்டம், எஞ்சின் ஆஃப், சாமான் இறக்கம், மறுபடி பத்து நிமிடம். டீசல் எஞ்சின் இயல்பிலேயே மெதுவாகத்தான் சூடேறும், ஏனென்றால் அது எரிபொருளின் சூட்டைப் பெட்ரோல் எஞ்சின் அளவுக்கு வீணாக்குவதில்லை. அது சூடேறுகிற நேரத்தில் நீங்கள் அடுத்த வீட்டு வாசலில் சாவியைத் திருப்பிவிடுவீர்கள்.

வடிகட்டி நிறைகிறது என்று தெரிந்ததும் எஞ்சினின் கம்ப்யூட்டர் சூட்டைக் கூட்டப் பார்க்கும். பல எஞ்சின்களில் அதற்கு ஒரு வழி, பிஸ்டன் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போது கொஞ்சம் டீசலைத் தாமதமாகப் பீச்சுவது. அது சைலன்சர் பக்கம் போய் எரிந்து வடிகட்டியைச் சூடாக்க வேண்டும். ஆனால் பீச்சியதில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் படிந்து, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கைத் தாண்டிக் கீழே வழிந்து ஆயிலோடு கலக்கும். இந்த எரிப்பு வேலை முடிய இருபது நிமிடம்வரைகூட விடாமல் ஓட வேண்டியிருக்கும். நீங்கள் நடுவில் நிறுத்தினால் பாதியில் விட்டதை அது மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒவ்வொரு தொடக்கத்துக்கும் கொஞ்சம் டீசல் ஆயிலுக்குள். நீர்த்துப்போன ஆயிலில் முதலில் தேய்வது, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவும் பேரிங்கும்.

அந்த வண்டிக்கு வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஆயில் மாற்றிக் கொடுத்தேன். வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள் என்றும் சொல்லி அனுப்பினேன். சரக்கே இல்லாமல் வண்டியைச் சூடாக்குவதற்காக மட்டும் அவர் ஓட்டிய ஓட்டத்துக்கு நான் கொடுத்த யோசனைதான் காரணம். அதன்பிறகு யார் கேட்டாலும் "ஒரு நாளைக்கு எத்தனை தடவை நிறுத்துவீர்கள்?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.

பெட்ரோல் எஞ்சின் சீக்கிரம் சூடேறும். புகையைச் சுத்தப்படுத்தும் அதன் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சில நிமிடத்தில் வேலைக்கு வந்துவிடும். ஒரு டன் லோடுக்குள், சமதளத்தில், நின்று நின்று போகும் வேலைக்கு அது தாராளமாகத் தாங்கும். அடிக்கடி ஸ்டார்ட் செய்வதால் அதற்கும் சேதம் உண்டு. அதனால் ஆயிலைக் கிலோமீட்டர் கணக்கில் மட்டும் பார்க்காமல் மாதக் கணக்கிலும் பார்த்து மாற்றிவிடுங்கள். இன்னொன்றும் சொல்லவேண்டும்: தினமும் 45 கிலோமீட்டர், இரவில் ஒரே இடத்தில் நிறுத்தம் என்றால், சார்ஜ் போட வசதி இருக்கும் பட்சத்தில் மின்சார வண்டியையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். எஞ்சின் வேலை பார்க்கிற நானே சொல்கிறேன், உங்கள் ஓட்டத்துக்கு அது பொருந்தும்.

கேள்வி: கம்பெனிக் கையேட்டில் பெட்ரோல் வண்டிக்குக் குதிரைசக்தி அதிகம் போட்டிருக்கிறது. பிறகு ஏன் லோடு இழுக்க டீசல் என்கிறார்கள்?

நல்ல கேள்வி. கையேட்டில் குதிரைசக்திக்கு அடுத்த வரியையும் படியுங்கள். டார்க், அதாவது எஞ்சினின் திருகுவிசை என்று போட்டு, எத்தனை ஆர்.பி.எம்.மில், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்றில் என்று எழுதியிருப்பார்கள். லோடு இழுப்பவருக்கு அந்த வரிதான் முக்கியம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டீசல் எஞ்சின் 1,500 ஆர்.பி.எம்.மில் 400 நியூட்டன் மீட்டர் திருகு கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெட்ரோல் எஞ்சின் 3,000 ஆர்.பி.எம்.மில் 200 நியூட்டன் மீட்டர் கொடுக்கிறது. இரண்டுக்கும் அந்த நிலையில் சக்தி ஒன்றேதான், ஏறக்குறைய 63 கிலோவாட், அதாவது 85 குதிரைசக்தி. ஆனால் அதே 85ஐக் கொடுக்கப் பெட்ரோல் எஞ்சின் இரண்டு மடங்கு வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கிறது. லோடோடு நின்ற வண்டியை ஏற்றத்தில் கிளப்பும்போது இந்த வித்தியாசம் காலிலேயே தெரியும். டீசலில் ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் வண்டி நகரும். பெட்ரோலில் எஞ்சினை இரையவிட்டு, கிளட்ச்சைப் பாதியில் பிடித்து, மெதுவாக விடவேண்டும். பெட்ரோல் லோடு வண்டிகளில் கிளட்ச் பிளேட் கருகிய வாசத்தோடு வருவதை நான் அதிகம் பார்ப்பது இதனால்தான்.

டீசலுக்கு இந்த இழுவை எங்கிருந்து வருகிறது என்றால், அது பிறந்த விதத்திலிருந்தே. அதில் ஸ்பார்க் ப்ளக் இல்லை. காற்றை மட்டும் உள்ளே இழுத்து, 15, 18 மடங்கு அழுத்தி, அந்த அழுத்தத்தில் வரும் சூட்டில் டீசலைப் பீச்சித் தானாகப் பற்றவைக்கிறது. பெட்ரோலை அப்படி அழுத்தினால் நேரம் தவறிப் பற்றி, எஞ்சின் தட்ட ஆரம்பித்துவிடும். அதனால் பெரும்பாலும் 10, 12 மடங்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ருடால்ஃப் டீசல் இந்த யோசனைக்கு 1893ல் ஜெர்மனியில் காப்புரிமை பெற்றார். 1897ல் ஆக்ஸ்பர்க்கில் ஓடிய அவருடைய எஞ்சின், எரிபொருளில் இருந்த சக்தியில் 26 சதவீதத்தை வேலையாக மாற்றியது. அந்தக் காலத்து நீராவி எஞ்சின்கள் அதில் பாதியைத் தொட்டாலே பெரிது. 1913ல் அவர் இறந்துபோனார். தன் எஞ்சின் லாரிகளில் ஏறிச் சாலைக்கு வந்த 1920களை அவர் பார்க்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் கனக்கும்.

அழுத்தம் அதிகம் என்பதால் பிஸ்டன், கிராங்க், பிளாக் எல்லாமே தடியாக இருக்க வேண்டும். எஞ்சின் எடை கூடும். அந்த எடை உங்கள் லோடிலிருந்துதான் கழியும். வண்டிக்கு அனுமதித்த மொத்த எடை ஒன்றே என்றால், டீசல் வண்டியில் நீங்கள் ஏற்றக்கூடிய சரக்கு சற்றுக் குறையலாம். வாங்கும்போது இதை யாரும் சொல்லமாட்டார்கள். வண்டியில் அடித்திருக்கும் எடைத் தகட்டை நீங்களே குனிந்து படித்துவிடுங்கள்.

கேள்வி: இரும்புக் குழாய் ஏற்றுகிறேன். போக வர 250 கிலோமீட்டர், மாதத்தில் 25 நாள். டீசல் வண்டி விலை அதிகமாக இருக்கிறது. அந்த அதிக விலை எப்போது திரும்பி வரும் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

உங்களுக்கு டீசல்தான், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். ஆனாலும் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், அடுத்தவருக்கும் உதவும்.

எல்லாவற்றையும் லிட்டராக மாற்றிவிடுங்கள். டீசல் வண்டிக்கும் பெட்ரோல் வண்டிக்கும் உள்ள விலை வித்தியாசத்தை எடுத்து, உங்கள் ஊரில் இன்றைக்கு ஒரு லிட்டர் என்ன விலையோ அதால் வகுங்கள். ஒரு பேச்சுக்கு 5,000 லிட்டர் வருகிறது என்போம். அடுத்து, பெட்ரோல் வண்டி 100 கிலோமீட்டருக்கு 15 லிட்டர் குடிக்கிறது, டீசல் 11 லிட்டர் குடிக்கிறது என்போம். மிச்சம் 4 லிட்டர். 5,000 லிட்டர் மிச்சமாக 1,25,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். நீங்கள் ஆண்டுக்கு 75,000 ஓடுகிறீர்கள். இருபது மாதத்தில் வந்துவிடும். முதல் கேள்வி கேட்ட மரச்சாமான்காரருக்கு அதே கணக்கைப் போட்டால் ஒன்பது ஆண்டு தாண்டும். அதற்குள் அவர் வண்டியையே மாற்றிவிடுவார்.

இதில் டீசலின் பராமரிப்பையும் சேர்த்தால்தான் கணக்கு நேர்மையாக இருக்கும். ஆயில் அதிகம் பிடிக்கும், டீசல் ஃபில்டர் தவறாமல் மாற்ற வேண்டும், புது வண்டிகளில் புகையைச் சுத்தப்படுத்த யூரியாக் கரைசல் வேறு ஊற்ற வேண்டும். ஆண்டுக்கு அது 300 லிட்டர் மதிப்பு என்று வைத்தாலும் உங்களுக்கு இருபது மாதம் இருபத்திரண்டு ஆகும், அவ்வளவுதான்.

நான் போட்டவை உதாரண எண்கள். உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். முக்கியமாக, பம்ப்பில் இரண்டுக்கும் என்ன விலை என்று பாருங்கள். சில நாடுகளில் டீசல் மலிவு, சில நாடுகளில் பெட்ரோலைவிட அதிகம். விலை வேறுபட்டால் லிட்டரை விட்டுவிட்டுப் பணமாகவே கணக்குப் போடுங்கள்.

இந்த 4 லிட்டர் மிச்சம் எப்படி வருகிறது என்று கேட்பீர்கள். ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கும் சற்று அதிகமான சக்தி அடங்கியிருக்கிறது. அது கனமான எண்ணெய். மீதி எஞ்சினின் திறமை. அதிலும் லோடோடு ஏறும்போது வித்தியாசம் விரிந்துவிடும். பெட்ரோல் எஞ்சினை மணிக்கணக்கில் முழு வலுவில் இழுக்கவைத்தால் உள்ளே சூடு மிஞ்சிவிடும். அதைத் தணிக்கவே பல எஞ்சின்கள் கூடுதல் பெட்ரோலைப் பீச்சும். காலி வண்டியில் நல்ல மைலேஜ் கொடுத்த பெட்ரோல் வண்டி, குழாய் ஏற்றியதும் ஏமாற்றிவிட்டது என்று பலர் சொல்வது இதைத்தான்.

ஒரே ஒரு வேண்டுகோள். மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்துவையுங்கள். பெரிய ஓட்டத்துக்குப் பிறகு டீசலைச் சிலிண்டருக்குள் பீச்சும் இன்ஜெக்டர் செட் மாற்றும் நாள் வரும். அன்றைக்குக் கடன் வாங்கும் நிலை வரக்கூடாது.

கேள்வி: அண்ணே, கையில் பணம் குறைவு. பழைய டீசல் வண்டி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. நாளைக்குப் போய்ப் பார்க்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

தம்பி, காலையில் முதல் ஆளாகப் போ. போனதும் பேச்சுக் கொடுப்பதற்கு முன்னால் பானெட்மேல் உள்ளங்கையை வை. வெதுவெதுப்பாக இருந்தால், உனக்காக முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடு. டீசல் எஞ்சின் தன் உண்மையைச் சொல்வது குளிர்ந்து கிடக்கும்போதுதான்.

குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, நீ பின்னால் நின்று சைலன்சரைப் பார். முதலில் கொஞ்சம் வெள்ளைப்புகை வந்து அரை நிமிடத்தில் மறைந்தால் பயமில்லை, எரியாத டீசல் அது. மறையாமல் வந்துகொண்டே இருந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைகிறது என்றால் எஞ்சினின் மேல்மூடியான ஹெட் பக்கம் சந்தேகப்படு. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது கரும்புகை தள்ளினால் நாசிலோ டர்போவோ காற்று வழியோ, ஏதோ ஒன்று கோளாறு. அதில் ஏர் ஃபில்டர் அடைப்பு மட்டும் என்றால் சின்ன வேலை.

எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதே துளைமேல் சும்மா தலைகீழாக வைத்துப் பார். லேசாக அதிர்ந்துகொண்டு கிடந்தால் சரி. எகிறிக் குதித்து, துளையிலிருந்து புகை குப்குப்பென்று வந்தால் ரிங் தேய்ந்து, எரியும் வாயு கீழே இறங்குகிறது. எஞ்சினை இறக்கிச் செய்யவேண்டிய வேலை அது. அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேள். தரவில்லை என்றால் விட்டுவிடு.

கரி வடிகட்டி உள்ள காலத்து வண்டி என்றால் இன்னொரு சோதனை. சைலன்சர் ஆறியிருக்கும்போதே வால் குழாய்க்குள் ஒரு விரலை விட்டுத் துடை. வடிகட்டி நல்லபடியாக இருந்தால் விரலில் கரி அவ்வளவாக ஒட்டாது. மைபோல் கருப்பாக வந்தால் வடிகட்டி உடைந்திருக்கிறது, இல்லையென்றால் யாரோ உள்ளே இருந்ததை உருவிவிட்டார்கள். உருவுவது பல நாடுகளில் சட்டப்படி குற்றம். சோதனையில் மாட்டினால் தண்டம் உன் தலையில் விழும். "அதை எடுத்துவிட்டால் வண்டி பறக்கும்" என்று சொல்லும் மெக்கானிக்கை நம்பாதே.

ஓட்டிப் பார்க்கும்போது லோடோடு ஓட்டு. காலி வண்டியில் எல்லா எஞ்சினும் நல்ல எஞ்சின்தான்.

கேள்வி: டீசல் வண்டியில் தவறிப் பெட்ரோல் ஊற்றிவிட்டால் என்ன செய்வது?

சாவியைத் தொடாதீர்கள். ஸ்டார்ட் செய்யாவிட்டாலும், பல வண்டிகளில் சாவியை ஒரு படி திருப்பினாலே டேங்க்கில் உள்ள பம்ப் ஓடிப் பெட்ரோலை முன்னால் தள்ளிவிடும். வண்டியைத் தள்ளி ஓரமாக நிறுத்தி, டேங்க்கை வடிக்க ஆள் கூப்பிடுங்கள்.

இன்றைய டீசல் பம்ப் 2,000 பார், அதாவது காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 2,000 மடங்கு அளவுக்கும் அதற்கு மேலும் அழுத்தம் கொடுக்கிறது. உள்ளே உரசும் பாகங்களுக்கு டீசலே மசகு எண்ணெய். பெட்ரோலில் அந்த வழுவழுப்பு இல்லை. உலோகத்தோடு உலோகம் உரசி, கண்ணுக்குத் தெரியாத பொடி கிளம்பி, லைன் முழுக்கப் போய் இன்ஜெக்டர்களில் உட்காரும். டேங்க் வடிப்பதோடு போகவேண்டிய செலவு, பம்ப், லைன், இன்ஜெக்டர் எல்லாம் மாற்றும் செலவாகிவிடும். பெட்ரோல் வண்டியில் டீசல் விழுந்தால் அந்த அளவுக்குப் போகாது. புகைந்து, இடித்து நின்றுவிடும். அதையும் வடித்துச் சுத்தம் செய்யத்தான் வேண்டும்.

கேள்வி: என் கணவர் பழைய டீசல் லாரி ஓட்டுகிறார். காலையில் வீட்டு வாசலில் கால் மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றுகிறார். குழந்தை தூங்கும் அறை ஜன்னல் அந்தப் பக்கம்தான். புகை நல்லதில்லை என்று சொன்னால், டீசலுக்கு அப்படித்தான் செய்யவேண்டும் என்கிறார்.

அம்மா, நீங்கள் சொல்வதுதான் சரி. இந்தப் பகுதியை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

ஐயா, நின்ற இடத்தில் சும்மா ஓடும் டீசல் எஞ்சின் சரியாகச் சூடேறாது. சூடேறாத சிலிண்டரில் டீசல் முழுதாக எரியாமல் நாசிலிலும் ரிங்கிலும் கரியாகப் படியும். நல்லது செய்வதாக நினைத்து எஞ்சினுக்குக் கெடுதல்தான் செய்கிறீர்கள். ஸ்டார்ட் செய்து, ஆயில் அழுத்தம் வந்ததும், ஏர் பிரேக் வண்டியாக இருந்தால் காற்று நிரம்பியதும், கிளம்பிவிடுங்கள். முதல் ஐந்து, பத்து நிமிடம் எஞ்சினை விரட்டாமல் ஓட்டுங்கள். சூடேற அதுதான் சரியான வழி.

குழந்தையைப் பற்றி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று 2012ல் வகைப்படுத்திவிட்டது. உங்கள் பழைய லாரியில் கரி வடிகட்டி இருக்காது. அந்தக் கரித்தூள் கண்ணுக்குத் தெரிவதைவிட மிக நுண்ணியது, நுரையீரலின் அடிவரை போகும். நான் மூடிய பட்டறைக்குள் வருஷக்கணக்கில் அந்தப் புகையை இழுத்தவன். என்னோடு வேலை கற்றவர்களுக்கு இருமல் வந்ததையும் நிற்காமல் போனதையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். இரவே வண்டியைத் திருப்பி, சைலன்சர் தெருப்பக்கம் பார்க்க நிறுத்துங்கள். காலையில் ஜன்னலை மூடிவிட்டு ஸ்டார்ட் செய்து உடனே எடுத்துவிடுங்கள்.

பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்களும் இதைப் படித்துவிட்டு நிம்மதி அடைய வேண்டாம். பெட்ரோல் எஞ்சினை மூடிய ஷெட்டுக்குள் ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கதவு அடைத்த இடத்தில் எந்த எஞ்சினையும் ஓடவிடாதீர்கள், ஒரு நிமிடம்கூட.

கேள்வி: குளிர் அதிகமான மலைப்பகுதிக்கு வண்டி மாற்றிக்கொண்டு போகிறேன். இதுவரை பெட்ரோல் பிக்கப் ஓட்டினேன், இனி டீசல் லாரி. கவனிக்க வேண்டியது என்ன?

குளிரைப் பற்றி இரண்டு வார்த்தை. டீசலில் மெழுகு உண்டு. கடுங்குளிரில் அது திரண்டு ஃபில்டரை அடைக்கும். அந்த ஊரில் குளிர்காலத்துக்கென்று விற்கும் டீசலையே போய்ச் சேர்ந்ததும் நிரப்புங்கள். பழைய டிரைவர்கள் டீசலில் பெட்ரோல் கலப்பார்கள்; மேலே சொன்ன காரணத்தால் அதை இன்றைய வண்டியில் செய்யவே கூடாது. யூரியாக் கரைசல் மைனஸ் 11 டிகிரியில் உறையும். வண்டியில் அதை உருக்க ஏற்பாடு இருக்கும், ஆனால் தனி கேனில் வைத்திருப்பதை வெளியில் போட்டுவிடாதீர்கள். உயரத்தில் காற்று மெலிந்து போவதால் எஞ்சின் வலு குறையும். டர்போ உள்ள வண்டியில் அந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது.

எனக்குக் கவலை இறக்கத்தைப் பற்றித்தான். பெட்ரோல் வண்டியில் ஆக்சிலரேட்டரை விட்டால் காற்று வரும் வழியை ஒரு தகடு அடைத்துக்கொள்ளும். எஞ்சின் அந்த அடைப்பை எதிர்த்து இழுப்பதால் வண்டி தானாகவே கட்டுப்படும். உங்கள் காலுக்கு அது பழகியிருக்கும். டீசல் எஞ்சின் அப்படி அடைத்து ஓடுவதில்லை. அழுத்திய காற்று ஸ்பிரிங்போலத் திருப்பித் தள்ளிவிடும், அதனால் காலை எடுத்ததும் எதிர்பார்த்த பிடிப்பு வராது. அதற்காகத்தான் பெரிய லாரிகளில் எக்ஸாஸ்ட் பிரேக் வைக்கிறார்கள். புகைக்குழாயை ஒரு தகட்டால் அடைத்து எஞ்சினைத் திணறவைத்து வேகத்தைக் குறைக்கும். ஒருவர் இதை அறியாமல் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே இறங்கி வந்த லாரியை நான் போய்ப் பார்த்தேன். டிரம்மிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது, பிரேக்கின் உராய்வுப் பட்டையான லைனிங் கண்ணாடிபோல் மினுங்கியது. பாதுகாப்புச் சுவரில் உரசி நின்றதால் அவர் பிழைத்தார்.

வண்டி கைக்கு வந்ததும், லோடு ஏற்றுவதற்கு முன், எக்ஸாஸ்ட் பிரேக் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். சமதளத்தில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போட்டு, வண்டி எவ்வளவு பிடிக்கிறது என்று உடம்பில் உணர்ந்து பாருங்கள். மலையில், இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், ஏறிய கியர் அல்லது அதற்கும் கீழே. நடு இறக்கத்தில் கியர் மாற்றப் போய் நியூட்ரலில் சிக்கிக்கொள்ளக் கூடாது. சாலை ஈரமாகவோ பனி படிந்தோ இருந்தால் எக்ஸாஸ்ட் பிரேக்கை ஆஃப் செய்துவிட்டு இன்னும் மெதுவாக இறங்குங்கள். காலியாகப் போகும்போது பின்சக்கரம் வழுக்கிவிடும். முதல் இறக்கத்தைப் பகல் வெளிச்சத்தில், பாதி லோடோடு வைத்துக்கொள்ளுங்கள். இறங்கி முடித்ததும் வண்டியை ஓரங்கட்டி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய், தொடாமல், எது அதிகம் சுடுகிறது என்று பாருங்கள். ஒன்று மட்டும் தனியாகச் சுட்டால் அந்தப் பிரேக்கைச் சரிபார்க்காமல் திரும்ப ஏறாதீர்கள்.